மட்டையில் மாட்டிய விமானம்

தட்சிணாமூர்த்தி எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். பல் துலக்கினான். முகம் மழித்தான். பால்காரி வந்து ஓர் உழக்குப் பால் ஊற்றினாள். இப்போது இருப்பது ஒருவன்தான், ஆழாக்குப் போதும் என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷமாகச் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. காப்பி போட்டுக் குடித்தான். மிச்சப் பாலைக் கொல்லைச் சுவர்மேல் வைத்தான். பூனை வந்து குடித்தது. சட்டை போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினான்.

அவன் மனைவி கடைசியாகச் சொன்னது என்று அவளுடைய அண்ணன் ஒரு வசனம் வைத்திருந்தான். 'அடுத்த பிறவியிலும் இவரே' என்று முடியும் வசனம். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் அதைச் சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வான். அவள் சாகும்போது பக்கத்தில் இருந்தவன் தட்சிணாமூர்த்தி. அவள் சொன்னது, 'பால் பொங்குது, பாருங்க' என்பதுதான். அன்றிலிருந்து, இன்னார் இப்படிச் சொன்னார் என்று யாராவது வந்து சொன்னால் அவன் நம்புவதில்லை. துப்பறியும் தொழிலுக்கு அவனிடம் இருந்த முதல் அது ஒன்றுதான். பி.ஏ. பட்டம் சுவரில் ஆணியை மறைக்க உதவியது.

தெருவில் மண்ணாங்கட்டி ரிக்ஷாவோடு காத்திருந்தான். நாற்பது வயது. பிரெஞ்சுக் கோர்ட்டில் வழக்குக்காரர்களின் பெயரைக் கூவி அழைத்தவன். பிரெஞ்சுக் கொடி இறங்கியதில் அந்த வேலை போய், ரிக்ஷா இழுக்க வந்தான். குரல் மட்டும் போகவில்லை.

"சார், கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுல ஏரோப்ளேன் தென்னமரத்துல மாட்டிக்கிச்சு. ஆளில்லாமப் பறக்குமாம். கீழ நின்னு பொத்தான அமுக்குனா வலது பக்கம் திரும்பும், மறுபடி அமுக்குனா இடது பக்கம் திரும்பும்."

"இதுக்கு மரமேறியைக் கூப்பிடணும். என்னை எதுக்கு?"

"ஏரோப்ளேன் காணாமப் போவல சார், தெருவே பாக்குது. காணாமப் போனது வீட்டுக்கார மதாமோட வைர ப்ரோச்சு, நெஞ்சுல குத்திக்கற நகை. வேலக்காரி எடுத்துட்டான்னு உக்கார வெச்சிருக்காங்க. பன்னெண்டு மணிக்குப் போலீஸ் வண்டி வருது. மதாமுக்கு மட்டும் என்னவோ மனசு கேக்கல. உங்களக் கூப்புட ஆள் அனுப்பியிருக்காங்க."

"ஏரோப்ளேன் யாரோடது?"

"மகனோடது. மர்சேய்லேருந்து கப்பல்ல மடியில வெச்சே எடுத்தாந்தானாம். ஞாயித்துக்கெழம மொட்டமாடியிலேருந்து விட்டான். கடல்காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு. நேரா மட்டையில போயி உக்காந்துக்கிச்சு."

"இன்னிக்கு புதன்கிழமை."

"அதான் சார். இந்த ஊருல கண்ண மூடிக் கல்லு விட்டா ஒரு மரமேறி மேலதான் விழும். மூணு நாளா ஒருத்தனும் ஏறல."

தட்சிணாமூர்த்தி ரிக்ஷாவில் ஏறினான்.

மஞ்சள் சுவர், உயரமான இரும்புக் கதவு. வீட்டுக்காரர் முசே ஒகுஸ்த் சைகோனில் இருபது வருஷம் சுங்க இலாகாவில் இருந்தவர். பிறர் பெட்டியைக் குடைந்தே வளர்ந்த உடம்பு. பென்ஷனோடு ஊர் திரும்பிய பிறகு குடையப் பெட்டி கிடைக்காமல், சொந்த வாசலிலேயே சுங்கச்சாவடி வைத்துவிட்டார். வீட்டைவிட்டு வெளியே போகிற எவரும் மடியை உதறிக் காட்ட வேண்டும். சமையல்காரி, தோட்டக்காரன், காய்காரி, பெற்ற மகன், எல்லோருக்கும் ஒரே சட்டம். சமத்துவம் என்று பிரான்சிடமிருந்து அவர் கற்றது அவ்வளவுதான். இவர்கள் நுழைந்தபோது காவல்காரன் காய்காரியின் கூடையிலிருந்து ஒரு வெண்டைக்காயை ஒடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வைரம் காய்ச்சிருக்கான்னு பாக்கறியா?" என்றான் மண்ணாங்கட்டி.

"எசமான் உத்தரவு" என்றான் காவல்காரன். அவனுக்கே வெட்கமாக இருந்தது.

பின்தோட்டத்தில் கிணறு. இரண்டு ஆட்கள் கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்கு அருகில் வேலைக்காரி அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். தலைமுடி விரிந்து கிடந்தது, நுனியில் இன்னும் ஈரம். தலையை முழங்காலில் வைத்திருந்தாள். வந்தவர்களைப் பார்க்கவில்லை.

முசே ஒகுஸ்த் சுருட்டும் கைத்தடியுமாக வந்தார். அவர் மனைவி மதாம் பிலோமேன் பின்னால் நின்றாள்.

"என் மனைவிக்கு நாடகம் பார்க்க ஆசை. அதனாலதான் நீங்க வந்திருக்கீங்க" என்றார் முசே. "கேஸ் முடிஞ்சுபோச்சு. பதினாலாம் தேதி பிரெஞ்சுத் திருநாள் விருந்துக்குப் போட்டுக்கணும்னு நேத்து ராத்திரி மதாம் பெட்டியைத் திறந்தா, ப்ரோச் இல்லை. அந்த ரூமைப் பெருக்கறவ இவதான். இன்னிக்கு விடியறதுக்கு முந்தி நாய் குலைச்சது. டார்ச் எடுத்துட்டு வந்தேன். என் குரோட்டன்ஸ் எல்லாம் மிதிபட்டுக் கிடக்குது. இவ இங்க நிக்கறா. தலையெல்லாம் ஈரம். அலோர், அப்போ என்ன அர்த்தம்? கிணத்துல இறங்கி ஒளிச்சிருக்கா."

"மண்ணாங்கட்டி, விடியக்காலையில ஒரு பொம்பளைக்குத் தலை ஈரமா இருந்தா என்ன அர்த்தம்?"

"நம்ம பக்கத்துல குளிச்சான்னு அர்த்தம் சார். இந்த வீட்டுல குளிக்கற பழக்கம் கெடையாது போலிருக்கு."

முசே சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "அவளே ஒத்துக்கிட்டா."

"என்ன சொன்னா?"

"'பாவம் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க எசமான்' அப்படின்னு காலைப் பிடிச்சா."

தட்சிணாமூர்த்தி மதாமிடம் திரும்பினான். "நீங்க கேட்டீங்களா மதாம்?"

"நான் மாடியில இருந்தேன். கிணத்துல போட்டுட்டேன்னு சொன்னதா இவர்தான் சொன்னார்."

காவல்காரனிடம் கேட்டான். அவன் முதலாளியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அவ வாயே தொறக்கலிங்க. பெரிய முசேவும் சின்ன முசேவும் மாத்தி மாத்திக் கேட்டாங்க. ஒரு வார்த்த பேசல."

முசே ஒருவர் வாயிலிருந்தே இரண்டு வாக்குமூலம், இரண்டும் அவள் சொல்லாதது. தட்சிணாமூர்த்திக்கு மைத்துனனின் துண்டு ஞாபகம் வந்தது.

"ஏன் பேச மாட்டேங்கறா சார்?" என்று மண்ணாங்கட்டி தணிந்த குரலில் கேட்டான். "குளிச்சேன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுதே."

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். ப்ரோச் சுலபம்."

"ப்ரோச்சு சுலபமா?"

"தலையைத் தூக்கிப் பாருய்யா."

தோட்டத்து மூலையில் ஒரு நெட்டைத் தென்னை. இரண்டு மாடி வீட்டையும் தாண்டி நின்றது. உச்சியில், மட்டைக்கும் பாளைக்கும் நடுவில், சிவப்பு இறக்கை ஒன்று தெரிந்தது. காற்று அடித்தபோது அது கொஞ்சம் ஆடியது. விழவில்லை.

மகன் ரெனே அப்போதுதான் படியிறங்கி வந்தான். இருபத்தைந்து வயது, வழித்துச் சீவிய தலை. ஆனி மாத வெயிலில் கோட்டுப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தான். கையில் ஒரு பெட்டி. ஒன்றரை அடி உயரம், மேலே மடக்கிய ஏரியல் கம்பி, முன்னால் ஒரு பொத்தான். விமானத்தை ஓட்டுகிற பெட்டி. அதன் பிடியை இரண்டு விரலில் மாட்டி வீசிக்கொண்டு வந்தான்.

"ஊருக்கா சின்ன முசே?" என்றான் மண்ணாங்கட்டி.

"மெட்ராஸ். பெட்டி ரிப்பேர்."

வாசலில் யாரோ இருமினார்கள். இடுப்பில் அரிவாளும் தோளில் கயிறுமாக ஒருவன் நின்றான். காவல்காரன் அவனை உள்ளே விட்டான். மரமேறி பலராமன்.

"திங்கக்கெழம வந்தேன். நேத்தும் வந்தேன்" என்றான் பலராமன், யாரையும் பார்க்காமல். "தொடாத, றெக்க ஒடஞ்சிரும், காத்துல தானா எறங்கும்னு சின்ன முசே தொரத்திட்டாரு. தானா எறங்கறதுக்கு அது என்ன காக்காயா?"

தட்சிணாமூர்த்தி ரெனேயைப் பார்த்தான். "இன்னிக்கு இறக்கிடலாமா?"

மறுப்பான் என்று எதிர்பார்த்தான். ரெனே சிரித்தான். "தாராளமா. எனக்கும் சந்தோஷம்."

மண்ணாங்கட்டி காதருகே வந்தான். "சரின்னுட்டானே சார். ப்ரோச்சு ஏரோப்ளேன் வயித்துல இருக்குதுன்னு நெனச்சோம். புட்டுக்கிச்சே."

"நேத்து வரைக்கும் கிட்டப் போனாலே கொத்தின கோழி, இன்னிக்குக் கூடையைத் தூக்கினா பேசாம இருக்குது. என்ன அர்த்தம்?"

மண்ணாங்கட்டி யோசித்தான். "அடியில முட்ட இல்ல."

"பலராமன், ஏறுங்க."

பலராமன் மரத்தடிக்குப் போனான். கணுக்காலில் தளைக்கயிறு மாட்டினான். அரிவாளைச் சரிபார்த்தான். பிறகு வாயருகே கையைக் குவித்து, வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

"மரம் ஏறறேன்... மரம் ஏறறேன்... தாயி, மரம் ஏறறேன்..."

சுற்றுச்சுவர்களுக்கு அப்பால் கதவுகளைச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஒரு வாளி ணங்கென்று இறங்கியது. "இருய்யா, தோ போறேன்" என்று ஒரு பெண் குரல் எரிந்து விழுந்தது. உச்சியிலிருந்து நாலு வீட்டுக் கொல்லை தெரியும். குளிக்கிறவர்கள் உள்ளே போகும்வரை தொழில்காரன் மரத்தில் கால் வைக்க மாட்டான். தினமும் கேட்கிற சத்தம். முசே ஒகுஸ்த் காதில் அது காக்கைக் கரைச்சலாகக்கூட விழவில்லை.

ஆனால் அஞ்சலாட்சி தலையைத் தூக்கினாள்.

காலையிலிருந்து வசவுக்கும் மிரட்டலுக்கும் அசையாத தலை. அவள் மரத்தைப் பார்க்கவில்லை, பலராமனைப் பார்க்கவில்லை. ரெனேயைப் பார்த்தாள். முகம் சுளித்துப் பக்கத்தில் துப்பினாள். மறுபடி தலையை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

ரெனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

விமானம் கயிற்றில் இறங்கி வந்தது. ஐந்தடி இறக்கை, பட்டுத்துணி ஒட்டிய உடம்பு, காக்கை எச்சம். வயிற்றில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. தட்சிணாமூர்த்தி மூடியைத் திறந்தான். கொஞ்சம் பஞ்சு இருந்தது. பஞ்சில் ஒரு குழி இருந்தது. குழியில் ஒன்றும் இல்லை.

"பிரமாதம்" என்றார் முசே ஒகுஸ்த். "தென்னை மரத்துல ஏத்திப் பஞ்சு கண்டுபிடிச்சாச்சு. அடுத்தது இலவ மரத்துல ஏத்துங்க, தேங்காய் கிடைக்கும். வண்டி வர நேரமாச்சு. மதாம், உன் நாடகம் முடிஞ்சுது."

தட்சிணாமூர்த்தி கிணற்றைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். வேலைக்காரர்களின் அறைக்குப் பக்கத்தில் மூன்று பக்கம் ஓலைத் தட்டி கட்டி ஒரு மறைப்பு இருந்தது. உள்ளே துவைகல், ஒரு வாளி, கல்லில் ஒட்டிய மஞ்சள் துண்டு. மேலே கூரை கிடையாது. அவன் உள்ளே போய் நின்று நிமிர்ந்து பார்த்தான். தென்னையின் தலை நேர் மேலே இருந்தது.

இந்த வீட்டில் ஓர் ஆள் விடியும் முன் அந்த மரத்தில் ஏறினான். குரல் கொடுக்காமல் ஏறினான். தொழில்காரனுக்குத் தூக்கத்தில்கூட அப்படி ஏற வராது. கீழே இவள் ஈரத்தோடு நின்றாள். நாய் குலைத்தது, அவன் இறங்கிக் குரோட்டன்ஸை மிதித்து ஓடி, சற்று நேரத்தில் அப்பாவுக்குப் பின்னால் நல்ல பிள்ளையாக வந்து நின்றான். 'எங்கே இருந்தாய், யாரைப் பார்த்தாய்' என்று இவளையே கேட்டான். இவள் சொன்னால், அவன் எதை எடுத்தான் என்று ஊர் கேட்காது. எதைப் பார்த்தான் என்றுதான் கேட்கும். ஜெயில் அதைவிடத் தேவலை என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தட்சிணாமூர்த்தி வெளியே வந்தான். மண்ணாங்கட்டி ஓடி வந்தான். "உள்ள என்ன சார்?"

"வாளி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதை யார்கிட்டயும் பேசாதே. சின்ன முசே கிளம்பறார் பாரு. நாலு பேருக்கு நடுவுல அவரைப் பிரெஞ்சு முறையில வழியனுப்புய்யா. நல்லா இறுக்கி."

மண்ணாங்கட்டிக்கு இதைவிட நல்ல வேலை யாரும் கொடுத்ததில்லை. கோர்ட்டில் கூவிய குரலில், "சின்ன முசே, போயிட்டு வாங்க, பொன் வுவாயாழ்" என்று முழங்கிக்கொண்டு போய் ரெனேயை மார்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்தான். வலது கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தான். இடது கன்னத்துக்குப் போகுமுன் ரெனே அலறினான். பெட்டி கீழே விழுந்தது.

"முத்தத்துக்கே இப்படியா?" என்றான் மண்ணாங்கட்டி. விடவில்லை. கோட்டுப் பொத்தான் இரண்டு தெறித்தது. உள்ளே வெள்ளைச் சட்டையில் மேலிருந்து கீழ்வரை ரத்தக் கோடுகள்.

"பொத்தான் அமுக்கி விமானம் விட்டவனுக்கு விரல்தான் வலிக்கும்" என்றான் தட்சிணாமூர்த்தி. "மார்பு ஏன் உரிஞ்சிருக்கு?"

பலராமன் கயிற்றைச் சுருட்டியபடி சிரித்தான். "மரத்தக் கட்டிக்கிட்டு ஏறுனா அப்படித்தான்."

"நாடகக்காரப் பசங்க" என்று ரெனே முனகினான். குனிந்து பெட்டியை எடுத்தான்.

"ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெட்டியை மாடிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?" என்று தட்சிணாமூர்த்தி கேட்டான்.

"நாந்தாங்க" என்றான் காவல்காரன். "தோள்பட்ட கழண்டு போச்சி. உள்ள இருக்கற பேட்டரி அம்மிக்கல்லாட்டம் கனம்."

"இன்னிக்கு இவரு ரெண்டு விரல்ல வீசிக்கிட்டு வராரு. மூணு நாள்ல இவ்வளவு பலம் வராது. குதிரை தென்னமரத்துல இருக்கும்போது சாட்டையை மெட்ராஸ்ல எதுக்கு ரிப்பேர் பண்ணணும்? வாசல்ல இதைத் திறந்து பார்ப்பியா?"

"மாட்டேங்க. தொறந்தா ஷாக் அடிக்கும்னு சின்ன முசே சொன்னாரு."

"மண்ணாங்கட்டி, திற."

"செத்தா எம் பேருக்குத் தகுந்த கெதிதான் சார்." மண்ணாங்கட்டி பின்மூடியைக் கழற்றினான். பேட்டரி இல்லை. பேட்டரி இருந்த இடத்தில் ஒரு கைக்குட்டை. கைக்குட்டையில் ப்ரோச். வெயிலில் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெறித்தது.

கதை சின்னது. அப்பாவின் சுங்கச்சாவடியைத் தாண்ட மகனுக்கு வழி தெரியவில்லை. ப்ரோச்சை விமானத்தில் வைத்துச் சுவருக்கு வெளியே இறக்கி, எடுக்கப் போகிற சாக்கில் வெறுங்கையோடு வாசலைத் தாண்டி, வெளியில் கல்லை எடுத்துக்கொள்ள நினைத்தான். கடல்காற்று அதைத் தென்னையில் சொருகியது. ஆள் ஏற்றினால் குட்டு உடையும். நேற்று ராத்திரி திருட்டு வெளிப்பட்டதும் வேறு வழியில்லாமல் தானே ஏறினான். சமாதான வார்த்தையாக அவனிடம் இருந்தது, "இன்னும் கொஞ்ச நாள்ல எனக்கு வரவேண்டியதுதானே" என்பது ஒன்றுதான். அதைப் பிரெஞ்சில் சொன்னான். பிரெஞ்சில் சொன்னால் திருட்டு கொஞ்சம் கௌரவமாகும் என்று நினைத்திருக்கலாம்.

முசே ஒகுஸ்த் முகம் சிவந்து போயிருந்தது. கை நீட்டினார். தட்சிணாமூர்த்தி ப்ரோச்சைக் கொடுத்தான். அவர் அதை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"குடும்ப விஷயம். நான் பார்த்துக்கறேன். நீங்க போகலாம்."

தட்சிணாமூர்த்தி நகரவில்லை.

"ஒரு சந்தேகம். வெண்டைக்காயை ஒடிச்சுப் பார்க்கற வீடு இது. காணாமப் போன வைரம் கைக்கு வருது, ஒரு தரம்கூடப் பார்க்காம பையில போடறீங்க."

முசே சுருட்டைப் பற்றவைக்கப் பார்த்தார். தீக்குச்சி மூன்று தரம் அணைந்தது.

"அசல் கல்லை எப்ப வித்தீங்க?" என்றான் தட்சிணாமூர்த்தி, குரலைத் தாழ்த்தி.

"சைகோன்ல" என்றார் முசே, அதைவிடத் தாழ்த்தி. "யுத்த காலம். மதாமுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

"வண்டி வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிருந்தா, கல்லு கடைசிவரைக்கும் கிடைச்சிருக்காது. கண்ணாடின்னும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதனாலதான் 'அவளே ஒத்துக்கிட்டா'ன்னு சொன்னீங்க, இல்லையா?"

முசே வாசல் பக்கம் பார்த்தார். "நீங்க படிச்சவர். புரிஞ்சுக்குவீங்க."

இருபது வருஷம் ராஜாங்க உடுப்பில் இருந்த மனிதர். ஒரு கண்ணாடித் துண்டைக் காப்பாற்ற ஒரு மனுஷியை ஜெயிலுக்கு அனுப்பத் துணிந்தவர். புரிந்துகொள்ளும்படி கேட்கிறார். தட்சிணாமூர்த்தி அவரைத் தாண்டிப் போய் மதாம் முன்னால் நின்றான்.

"மதாம், என்னைக் கூப்பிட்டது நீங்க. அதனால உங்ககிட்ட சொல்றேன். ப்ரோச் கிடைச்சிருச்சு. வைரம் கிடைக்கல."

மதாம் அவனைப் பார்த்தாள். பிறகு கணவரின் கோட்டுப் பையைப் பார்த்தாள். அவருடைய சட்டத்தை அவரிடமே அமல்படுத்துகிறவள் போல, உள்ளங்கையை நீட்டினாள்.

கிணறு இறைத்த ஆட்கள் கயிற்றை விட்டுவிட்டு நின்றார்கள். முசே ஒகுஸ்த் யாரிடமாவது அதிகாரம் காட்டியாக வேண்டும். அஞ்சலாட்சி பக்கம் திரும்பினார்.

"சரி, எழுந்திரு. போய் உள்ள வேலையைப் பாரு."

அஞ்சலாட்சி எழுந்தாள். முடியை முடிந்துகொண்டாள். உள்ளே போகவில்லை. தன் அறைக்குப் போய் ஒரு துணி மூட்டையோடு திரும்பி வந்தாள். வாசலில் காவல்காரன் பழக்கத்தில் கையை நீட்டினான், பிறகு மடக்கிக்கொண்டான். அவளே மூட்டையை இறக்கினாள். எல்லோரும் பார்க்க மடியை உதறிக் காட்டினாள். ரெனே கதவோரம் நின்றுகொண்டிருந்தான். போகிற போக்கில் அவனைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். தெருவில் இறங்கி நடந்தாள்.

சாயங்காலம் கடைத்தெரு டீக்கடையில் மண்ணாங்கட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். விமானத்தின் இறக்கை பத்தடி ஆகியிருந்தது. ரெனே கையில் துப்பாக்கி முளைத்திருந்தது.

"வாசல்ல வந்தா. சார் கால்ல தடால்னு விழுந்தா. 'நீங்கதான் எனக்கு தெய்வம், ஏழேழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்'னு கதறுனா. எங்கண்ணே கலங்கிப் போச்சு."

"அப்படியா சொன்னா?" என்று டீக்கடைக்காரர் தட்சிணாமூர்த்தியைக் கேட்டார்.

தட்சிணாமூர்த்தி டீயைக் குடித்தான். கிளாஸை வைத்தான். வீட்டுக்கு நடந்தான். அவள் யார் காலிலும் விழவில்லை. அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தெய்வம், ஜென்மம் ஒன்றும் அவள் வாயில் வரவில்லை. ப்ரோச்சைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ரெனேயைப் பார்த்து அவள் சொன்னது இதுதான்:

"மரம் ஏறறவன் கொரலு குடுத்துட்டு ஏறணும்."